மைசூர் வழியாக அரியலூருக்கு

எங்கள் சித்தி கல்யாணத்துக்குப் பிடிகொடுக்காமல் இருந்ததற்கு ஓர் அலுமினியப் பெட்டிதான் காரணம் என்று எங்கள் வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். பெரிய பெட்டி ஒன்றும் இல்லை. இரண்டு டிபன் பாக்ஸை ஒட்டி வைத்த அளவுதான் இருக்கும். முன்பக்கம் ஒரு திருகு, பக்கவாட்டில் சின்னச் சின்னத் துளைகள், ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடக்கிய மைக். சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. ரெட்டிப்பாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் கருவிகளைப் பார்க்கும் பிரிவில் வேலை செய்தாள். பரீட்சை எழுதி, அரசாங்கத்தில் லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தபடியே வயர்லெஸ்ஸில் ஊர் ஊராகப் பேசும் அமெச்சூர் ரேடியோக்காரி. அந்தச் செட்டை அவள் கடையில் வாங்கவில்லை. ஒவ்வொரு பாகமாகச் சேர்த்து அவளே பற்றவைத்துச் செய்தது.

பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர், "இதுல பாட்டு கேக்குமா?" என்று விசாரித்தாராம். "பாட்டு கேக்காதுங்க, ஆளுங்க பேசுறது கேக்கும்" என்றாளாம் சித்தி. "அதுக்குத்தான் போன் இருக்குதே" என்றாராம் அவர். சித்தி அதற்கு நீளமாக ஒரு விளக்கம் சொல்லியிருக்கிறாள். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. "அந்த டப்பாவையே கட்டிக்கிட்டு இருக்கட்டும்" என்று பெரியப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் பெரியப்பா சொன்னால் சொன்னதுதான். டிராக்டரும் அவருடையது.

எனக்கும் அந்தப் பெட்டியின் மேல் பெரிய மரியாதை கிடையாது. ஒருமுறை சித்தியின் அறையில் காதை வைத்துக் கேட்டேன். சோளம் பொரிகிற மாதிரி ஓர் இரைச்சல். அதற்குள் யாரோ ஒரு தாத்தா யாரோ இன்னொரு தாத்தாவிடம் உங்கள் ஊரில் மழையா என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். இதற்கா இத்தனை பாடு என்று நினைத்தேன்.

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம் ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் திருமானூருக்குக் கிழக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டி இருக்கிறது. வீட்டு மாடியில் ஏறினால் ஆறு முழுக்கத் தெரியும். மேட்டூரும் நிரம்பி, வழியில் பெய்த மழையும் சேர்ந்துகொண்டதால் ஆறு கரைக்குக் கரை செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. சித்தி லீவு போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பயங்கரச் சளி. தொண்டை கட்டி, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. தான் தங்கியிருக்கும் அறை ஒழுகுகிறது, நனைந்துவிடும் என்று அந்தப் பெட்டியை மட்டும் குழந்தையைத் தூக்கிவருவதுபோலத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அதற்கு மின்சாரம் கொடுக்கும் சாமான், மாடியில் கட்டும் ஏரியல் கம்பி எல்லாம் ரெட்டிப்பாளையத்திலேயே இருந்தன.

ஆற்றுக்கு நடுவில் ஒரு திட்டு உண்டு. கோடையில் மணலில் நடந்தே அங்கே போய்விடலாம். அதில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு இருந்தது. வெட்டுவதற்கு வெளியூரிலிருந்து வந்த ஏழு பேர் அங்கேயே குடிசை போட்டுத் தங்கியிருந்தார்கள். தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததும் அப்பா விடிந்தும் விடியாமலும் பரிசல்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அவர்களை அழைத்துவரப் போனார். போனவர்கள் பரிசலை ஒரு முளையில் கட்டிவிட்டு ஆட்களைத் திரட்டிக்கொண்டிருக்கும்போதே கயிறு அறுந்து பரிசல் மட்டும் தனியாகப் புறப்பட்டுப் போய்விட்டது. நாங்கள் கரையிலிருந்து அதைப் பார்த்தோம். ஒரு கறுப்புத் தட்டு சுற்றிச் சுற்றி மிதந்து போவதுபோல இருந்தது. நான் முதலில் சிரித்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

ஆக, திட்டில் ஒன்பது பேர். இங்கிருந்து கத்தினால் அங்கே கேட்காது. அப்பா துண்டை வீசுவது மட்டும் தெரிந்தது.

முந்தின நாளே கரண்ட் போய்விட்டது. செல்போன் டவரும் உயிரை விட்டுவிட்டது. ஊரில் எல்லாரும் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கினார்கள். பெரியப்பா யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் டிராக்டரை எடுத்தார். திருமானூருக்குப் போய் ஆளைக் கூட்டிவருவது அவர் திட்டம். வழியிலுள்ள ஓடை தரைப்பாலத்தை மூழ்கடித்து ஓடிக்கொண்டிருந்தது. பாதிப் பாலத்தில் இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து டிராக்டர் நின்றுவிட்டது. நல்லவேளை, அவர் இறங்கி நடந்து வந்துவிட்டார். இடுப்பு வரை சேறு. வாசலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சித்தி அவர் எதிரில் போய் நின்றாள்.

"மாமா, டிராக்டர் பேட்டரி நனைஞ்சிடுச்சா?"

"எதுக்கு?"

"பேட்டரி கெடச்சா நான் கூப்பிட்டுப் பாக்குறேன்."

கட்டிய தொண்டையோடு அவள் இதைச் சொன்னபோது கிட்டத்தட்டக் காற்றுதான் வந்தது. பெரியப்பா அவளையும் துண்டில் சுற்றிய பெட்டியையும் பார்த்தார். டப்பாவைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார். கொஞ்ச நேரத்தில் பேட்டரியைத் தலையில் வைத்து, கோயிலுக்குப் பால்குடம் எடுப்பவர் மாதிரி நிமிர்ந்து வந்து சேர்ந்தார்.

அதற்குள் சித்தி வீட்டையே பிரித்துப் போட்டிருந்தாள். பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டியதுபோக மீந்த செப்புக் கம்பிச் சுருள் ஒன்று மாட்டுக் கொட்டகையில் தொங்கியது. அது ஏரியல் ஆயிற்று. டி.வி.க்கு வரும் கேபிள் ஒயரைச் சுவரிலிருந்து உருவினாள். அது ஏரியலுக்கும் பெட்டிக்கும் நடுவே இணைப்பு ஆயிற்று. ஈரமான மரத்தில் கம்பி நேராகப் படக்கூடாது என்பதால் எல்லாருடைய பல் துலக்கும் பிரஷ்களையும் உடைத்து முனைகளில் கட்டினாள். கம்பியின் இரண்டு பாதிகளும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று தொடாமல் பிரித்துவைக்க என் பள்ளிக்கூட ஸ்கேல் போயிற்று. அதை நான் மனமுவந்து கொடுத்தேன் என்று சொல்ல முடியாது.

கம்பியை அளந்து வெட்ட வேண்டும். எங்கள் வீட்டில் டேப் இருந்தது, ஆனால் அது அப்பாவிடம் இருந்தது.

"அக்கா, ஒன்னோட சேல அஞ்சரை மீட்டர்தானே?" என்றாள் சித்தி.

அம்மா அதுவரை பேசாமல் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய் இரண்டு சேலைகளைக் கொண்டுவந்து கூடத்தில் நீளமாக விரித்தாள். இரண்டு சேலை நீளம், அதில் ஒரு கஜம் குறைய. அப்படி இரண்டு துண்டுகள். கம்பிக்கு அந்த நீளம் இருந்தால்தான் அது சித்தி பேசும் அலைக்குச் சரியாகப் பாடும் என்றாள். கோவில் மணிக்கு அளவு மாறினால் நாதம் மாறுவதுபோல. அம்மா சேலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "இது கொஞ்சம் சுருங்கியிருக்கும், நாலு விரக்கட கூட வச்சுக்க" என்றாள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

ஒரு முனையைப் பெரியப்பா தென்னையில் ஏறிக் கட்டினார். இன்னொரு முனை மாடித் தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் கம்பியில். கரண்ட் கம்பம் பக்கமே போகக்கூடாது என்று சித்தி கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தாள். நடுப்பகுதி தாழாமல் இருக்க ஒரு மூங்கில் வேண்டும். மூங்கில் இருந்தது, மொட்டை மாடியில் அதை நட வழியில்லை. அம்மா அதை எடுத்துத் தன் இரண்டு பாதங்களுக்கு நடுவில் ஊன்றிப் பிடித்துக்கொண்டாள். மழை தூறிக்கொண்டிருந்தது. படியறையில் ஸ்டூலைப் போட்டு, பெட்டியை வைத்து, பேட்டரியில் மாட்டினாள் சித்தி. சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. பெரியப்பா என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார்.

இரைச்சல் கேட்டது. அதற்கு அடியில், பல சுவர்களுக்கு அப்பால் பேசுவதுபோலக் குரல்கள். சித்தி திருகைத் திருப்பினாள். பேசிப் பார்த்தாள். ஏரியலுக்குப் போகும் வழியில் ஒரு டார்ச் லைட் பல்பைக் கோத்து வைத்திருந்தாள். பேசினால் அது எரிய வேண்டும். எரியவில்லை. அவள் முகம் சுண்டிப்போனது. மாடிக்கு ஓடி, மூங்கிலைச் சாய்க்கச் சொல்லி, ஸ்கேலில் கம்பி கட்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா, இந்தப் பக்கம் நான் சுரண்டிட்டுக் கட்டுனேன். அந்தப் பக்கம் நீதானே கட்டுன? சுரண்டுனியா?"

"சுரண்டணுமா?" என்றாள் அம்மா.

மோட்டார் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பூச்சு இருக்குமாம். அதை எடுக்காவிட்டால் செம்பும் செம்பும் தொடாது. பெரியப்பா மூங்கிலைப் பிடித்துக்கொள்ள, அம்மா அடுப்படிக் கத்தியை எடுத்துவந்து அந்தக் கம்பி முனையை மீன் செதில் எடுப்பதுபோலச் சுரண்டித் தள்ளினாள். இறுக்கி முறுக்கிவிட்டு மூங்கிலைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். நாங்கள் இறங்கி வருவதற்குள் படியறையில் யாரோ தெலுங்கில் சிரிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அவ்வளவு பக்கத்தில் கேட்டதால் பெரியப்பா திரும்பி வாசலைப் பார்த்தார்.

சித்தி மைக்கின் பித்தானை அழுத்தி, லைசென்ஸோடு கொடுத்த தன் அழைப்புக்குறியைச் சொல்லி, "பிரேக், பிரேக், எமர்ஜென்சி" என்றாள். பல்பு லேசாக மினுங்கியது. மறுபடி சொன்னாள். யாரோ ஒருவர் ஆங்கிலத்தில், இரைச்சலுக்கு அடியில் ஏதோ ஒரு நிலையம் கூப்பிடுகிறது, குரல் புரியவில்லை என்றார். சித்தி கத்தப் பார்த்தாள். இருமல்தான் வந்தது. மூன்றாவது முறை காற்றுகூட வரவில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

என் தொண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயலின் கடைசி வரப்பில் நிற்கும் பெரியப்பாவை வீட்டு வாசலில் இருந்தபடியே சாப்பிடக் கூப்பிடும் தொண்டை அது. பெண் பிள்ளைக்கு இது ஆகாது என்று பலமுறை திட்டு வாங்கித் தந்த தொண்டை.

"லைசென்ஸ் இல்லாதவங்க பேசக்கூடாது பாப்பா. ஆனா உசுரு விஷயம், நான் பக்கத்துல இருக்கேன். அழுத்திப் பேசணும், விட்டுட்டுக் கேக்கணும்" என்று என் காதோடு சொல்லி, மைக்கைக் கையில் திணித்தாள்.

அழுத்தினேன். "எமர்ஜென்சி! எங்கப்பா ஆத்துக்குள்ள மாட்டிக்கிட்டாரு!" என்றேன்.

பல்பு பளிச்சென்று எரிந்தது. நான் பேசப் பேச எரிந்து, நிறுத்தினால் அணைந்தது. என் குரலை என் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பித்தானை விட்டேன். இரைச்சல். அப்புறம் ஒரு வயதான குரல், கன்னட வாசனையோடு தமிழ் பேசியது. "யாரம்மா அது, கொழந்தையா? நான் மைசூர்லேந்து பேசறேன். பயப்படாதே. எந்த ஊரு, எத்தனை பேரு, மெதுவா சொல்லு."

சித்தி வாயசைக்க வாயசைக்க நான் சொன்னேன். திருமானூர் பக்கம். கொள்ளிடத்தில் திட்டு. ஒன்பது பேர். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. படகு வேண்டும். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். கடைசியில், "ஓகே, திருவாரூருக்குச் சொல்றேன்" என்றார்.

சித்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். பெரியப்பா, "அய்யய்யோ, திருவாரூரு இல்லீங்க!" என்று பெட்டியைப் பார்த்து அலறினார். பித்தானை யாரும் அழுத்தவில்லை. நான் அழுத்தினேன்.

"ஆரூர் இல்ல தாத்தா! மானூர்! மானு! காட்டுல ஓடுமே, கொம்பு வச்ச மானு! திரு-மானூர்! அரியலூர் ஜில்லா!"

பித்தானை விட்டேன். பிறகு அவர் சொன்னார்: "மான். டீர். திருமானூர். அரியலூர். புரிஞ்சுதும்மா. ரொம்ப நல்லா சொன்னே. அங்கேயே இரு, போன் பண்ணிட்டு வரேன்."

மைசூர்க்காரர் போனதும் ஓர் ஆச்சரியம் நடந்தது. அதுவரை பேசிக்கொண்டிருந்த தெலுங்குக்காரர், மலையாளத்துக்காரர், இன்னும் யார் யாரோ அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். புதிதாக யாராவது உள்ளே வந்தால், இங்கே அவசரம், தள்ளிப் போங்கள் என்று ஒரு குரல் தாழ்வாகச் சொல்லும். அவரும் போய்விடுவார். எங்களுக்காக வானத்தில் ஒரு தெருவையே காலி பண்ணி வைத்திருந்தார்கள். மாடியில் அம்மா மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியப்பா மாற்றிக்கொள்வதாகச் சொல்லியும் கொடுக்கவில்லை.

மைசூர்க்காரர் திரும்பி வந்தார். அரியலூரில் கலெக்டர் ஆபீசுக்குப் பேசிவிட்டதாகவும், தீயணைப்புக்காரர்கள் திருமானூர்ப் பாலத்திடம் படகை இறக்கி ஆற்றோடு வரப்போவதாகவும் சொன்னார். திட்டில் எந்தப் பக்கம் படகை ஒதுக்கலாம் என்று அவர்கள் கேட்டார்களாம். அது சித்திக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் மைக்கைப் பெரியப்பாவிடம் நீட்டினேன். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பெட்டிக்கு முன்னால் நின்றார்.

"வணக்கமுங்க. மேக்கால வரக்கூடாதுங்க, அங்க சுழி இருக்கு. வடக்கால ஒதுங்கச் சொல்லுங்க. அங்கதான் மேடு. வச்சிடட்டுங்களா?"

அரியலூர் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சுழி மேற்கில் இருக்கிறது என்ற செய்தி மைசூருக்குப் போய், அங்கிருந்து அரியலூருக்குப் போய், அங்கிருந்து திருமானூர்ப் பாலத்துக்கு வந்து, அப்புறம் ஆற்றோடு எங்களிடம் வந்து சேர வேண்டியிருந்தது. வந்து சேர்ந்தது. மேற்கு வளைவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு தெரிந்தது. பொட்டு படகாயிற்று. அது சுழியைத் தொடாமல் பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கம் ஒதுங்கியபோது பெரியப்பா, "கேட்டுட்டாங்கடி! நான் சொன்னதைக் கேட்டுட்டாங்க!" என்று என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். ஆறாவது படிக்கிற பெண்ணைத் தூக்குகிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

படகு இரண்டு நடை அடித்தது. முதல் நடையில் கரும்பு வெட்ட வந்தவர்களை ஏற்றி அனுப்பிவிட்டு அப்பா இரண்டாவது நடையில் வந்தார். கரையில் ஊரே நின்றது. அம்மா மாடியிலிருந்து இறங்கவில்லை. சித்தி போய், "அக்கா, இனிமே விட்டுடலாம், மாமா கரைக்கு வந்துட்டாரு" என்று அவள் விரல்களை ஒவ்வொன்றாக மூங்கிலிலிருந்து எடுத்துவிட்டாள்.

ஆனால் மூங்கிலை விடுவதற்கு முன்பே ஒரு வேலையை முடித்திருந்தோம். சித்தி சைகை காட்ட, நான் மைக்கை எடுத்து, "தாத்தா, ஒம்பது பேரும் கரை ஏறிட்டாங்க!" என்றேன். பல்பு எரிந்து அணைந்தது.

மைசூர்க்காரர் தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது. அவர் ஆரம்பிப்பதற்குள் வானத்துத் தெருவில் ஒதுங்கி நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கோயம்புத்தூர், வெல் டன். கொச்சி, வெரி குட் மோளே. நெல்லூர். திருநெல்வேலியிலிருந்து ஒருவர், "ஏட்டி, ஒங்கொரலு எங்க ஊருல ஏரியலே இல்லாம கேட்டிருக்கும்" என்றார். யாரோ மைக்குக்கு முன்னால் கைதட்டினார்கள். அத்தனை மணி நேரம் அத்தனை பேர் மூச்சுக் காட்டாமல் எங்களோடு இருந்திருக்கிறார்கள். சித்தி ஒன்றும் சொல்ல முடியாமல் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பேசாததற்குச் சளிதான் காரணம் என்று நினைத்தேன்.

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே மாடியைப் பார்த்தார். "கம்பி கட்டுறது தெரிஞ்சுச்சு. இந்த மழையில துணி காயப்போட கொடி கட்டுறீங்களேன்னு நெனச்சோம்" என்றார். கரும்பு வெட்டுகிறவர்கள் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. ஊர்க்காரர்களைப் படியறைக்குக் கூட்டிவந்து, எதையும் தொடக்கூடாது என்று எச்சரித்து, பேட்டரி எங்கே, கம்பி எங்கே, சுரண்டாவிட்டால் என்ன ஆகும் என்றெல்லாம் தானே விளக்கிக்கொண்டிருந்தார். "எங்க பொண்ணு கையால செஞ்சது. கடையில கெடைக்காது" என்றார். எனக்கு அன்று இரண்டு முட்டை.

மறுநாள் மழை விட்டிருந்தது. எழுந்ததும் மாடிக்கு ஓடினேன். சித்தி கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஆற்றைப் பார்த்தேன். அக்கரை வரைக்கும் ஒரே தண்ணீராக இருந்தது.

"சித்தி, திட்டு எங்க?"

"நேத்து அவங்க வந்து கொஞ்ச நேரத்துலயே தண்ணி மூடிடுச்சு பாப்பா."

"கொய்யா மரம்?"

அங்கே ஒரு கொய்யா மரம் உண்டு. அதன் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்துதான் என் கோடை விடுமுறைகள் எல்லாம் போயின. சித்தி தலையை மட்டும் ஆட்டினாள். நான் ஈரத் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன்.

அம்மா மேலே வந்து என்னவென்று கேட்டாள். சொன்னேன். கொய்யா மரம் போய்விட்டது, திட்டே இல்லை, ஒரு கரும்பு நுனிகூடத் தெரியவில்லை என்றேன். அம்மா ஆற்றைப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து, என்னை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, என்னைவிடச் சத்தமாக அழுதாள். முந்தின நாள் முழுக்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள்.

அந்தக் கொய்யா மரத்தின் மேல் அவளுக்கு இத்தனை பிரியம் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. "வேற மரம் வச்சுக்கலாம்மா" என்று நான்தான் அவள் முதுகைத் தடவித் தேற்றினேன்.